ஆளில்லாத மேட்டுக்கு இரண்டு எம்.பி.

சில வாரங்களுக்கு முன் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அண்ணல் அம்பேத்கர் 1919இல் சவுத்பரோ குழு முன் அளித்த சாட்சியத்தைப் படித்துக்கொண்டிருந்தோம். சட்டக் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் இடையில் கேட்டார்: "அண்ணா, ஓட்டு, தொகுதி, எம்.பி. எல்லாமே இங்கிலாந்துல இருந்து வந்ததுதானே? அங்க எல்லா மக்களுக்கும் எப்பவோ ஓட்டுரிமை கிடைச்சிருக்கும். நாமதான் லேட்டு, இல்லையா?"

இல்லை தம்பி. அன்று கூட்டம் முடியும் நேரம் ஆகிவிட்டதால் ஒரு வரியில் மறுத்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு வரியில் முடிகிற விஷயம் அல்ல அது. அதனால் இந்தப் பதிவு.

இங்கிலாந்து முழுவதையும் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு கவுண்டியை எடுத்துக்கொள்கிறேன். கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. தென்மேற்குப் பக்கம் இருக்கும் வில்ட்ஷயர். பாடப்புத்தகத்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற கல்வட்டத்தின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அது இருக்கும் கவுண்டிதான். அதன் தேர்தல் வரலாற்றைப் படித்தால், 'ஜனநாயகத்தின் தாய்வீடு' என்று நமக்குச் சொல்லித்தந்த வீடு உள்ளே எப்படி இருந்தது என்று தெரியும். அந்த வீட்டுக்கும் நம் தஞ்சை வயலுக்கும் இருந்த கொடுக்கல் வாங்கலும் தெரியும்.

மேடு இருக்கிறது, மக்கள் இல்லை

சாலிஸ்பரி நகரத்துக்கு வடக்கே ஓல்டு சாரம் என்றொரு மேடு. ஒரு காலத்தில் கோட்டையும் பேராலயமும் இருந்த ஊர். 13ஆம் நூற்றாண்டில் பேராலயத்தைக் கீழே சமவெளிக்கு மாற்றினார்கள். மக்களும் கீழே போய்விட்டார்கள். மேட்டில் புல்லும் இடிந்த சுவரும்தான் மிச்சம். ஆனால் அந்த மேட்டுக்கு நாடாளுமன்றத்தில் இரண்டு இடம் இருந்தது. மக்கள் போன பிறகும் அந்த இரண்டு இடம் போகவில்லை. 1832 வரை போகவில்லை.

ஓட்டு யாருக்கு? அங்கே ஓட்டுரிமை மனிதருக்கு இல்லை, மண்ணுக்கு. குறிப்பிட்ட சில மனைகள் யார் பெயரில் இருக்கின்றனவோ அவருக்கு ஓட்டு. கடைசிக் காலத்தில் பத்துப் பதினொரு வாக்காளர்கள். யாரும் அங்கே குடியிருக்கவில்லை. தேர்தல் நாளில் ஒரு வயலில் கூடாரம் போடுவார்கள். நிலத்துச் சொந்தக்காரர் சொல்லும் இரண்டு பெயரை அவருடைய ஆட்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான் தேர்தல்.

இது ஏதோ ஒரு விதிவிலக்கு என்று நினைக்காதீர்கள். 1832க்கு முன் வில்ட்ஷயரில் இப்படி 16 நகரத் தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு எம்.பி. கவுண்டிக்குத் தனியாக இரண்டு. மொத்தம் 34. ஹிண்டன், ஹெய்ட்ஸ்பரி, லட்கர்ஷால், டவுன்டன் போன்றவை நம்மூர் கிராமம் அளவுதான். அதே நேரத்தில், லட்சம் மக்களைத் தாண்டிவிட்ட மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும் தனியாக ஒரு எம்.பி. கூடக் கிடையாது.

மேட்டை வாங்கியவர் சென்னையின் கவர்னர்

ஓல்டு சாரத்தை 1691இல் விலைக்கு வாங்கியவர் தாமஸ் பிட். இந்திய வணிகத்தில் பணம் சேர்த்தவர். 1698 முதல் 1709 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். இங்கே வாங்கிய ஒரு பெரிய வைரத்தைப் பிற்பாடு பிரான்ஸ் அரச குடும்பத்துக்கு விற்றதால் 'வைர பிட்' என்றே பெயர் பெற்றவர். அவருடைய பேரன் மூத்த வில்லியம் பிட் 1735இல் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்குப் போனது தாத்தா வாங்கிய இந்த மேட்டிலிருந்துதான். பின்னாளில் அவர் பிரிட்டனின் பிரதமர்.

இதே தாமஸ் பிட் கவர்னராக இருந்தபோதுதான் 1707-08இல் சென்னைக் கறுப்பர் நகரத்தில் வலங்கை-இடங்கைச் சாதிகளுக்குள் மோதல் வெடித்தது. அவர் கண்ட தீர்வு, எந்தப் பிரிவு எந்தத் தெருவில் இருக்க வேண்டும் என்று பிரித்துக் கொடுத்தது. வில்ட்ஷயரில் மக்களே இல்லாத நிலத்துக்கு இரண்டு எம்.பி. வைத்திருந்தவர், சென்னையில் மக்களைச் சாதிவாரியாகத் தெருவில் அடுக்கினார். எங்கே கோடு கிழிப்பது, யார் கிழிப்பது என்பதுதான் அதிகாரம். தொகுதியும் ஒரு கோடுதான்.

கிரிக்லேடில் செலவான தஞ்சாவூர்

வில்ட்ஷயரின் வடக்கே கிரிக்லேட். இங்கே ஓட்டு மேட்டை விடக் கொஞ்சம் அதிகம். அதனால் மொத்தமாக வாங்க முடியாது, சில்லறையாக வாங்க வேண்டும். ஓட்டுக்குப் பணம் என்பது திருமங்கலத்தில் பிறந்தது என்று எழுதுகிறவர்கள் ஒருமுறை கிரிக்லேட் வரலாற்றைப் படிக்கலாம்.

1780 தேர்தலில் கிரிக்லேடின் இரண்டு எம்.பி.க்கள்: பால் பென்ஃபீல்டு, ஜான் மேக்பர்சன். இருவரும் ஆற்காட்டு நவாப் முகமது அலியோடு சம்பந்தப்பட்டவர்கள். மேக்பர்சன் நவாபின் முகவராக லண்டன் போனவர். பென்ஃபீல்டு கம்பெனி ஊழியராகச் சென்னைக்கு வந்து, நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துப் பெரும்பணக்காரர் ஆனவர். நவாப் கடனுக்கு ஈடாகத் தஞ்சாவூரின் வருவாயை எழுதிக் கொடுத்தார். அந்த வருவாய் என்பது என்ன? வயலில் விளைந்த நெல். அந்த வயலில் சேற்றில் நின்று நட்டதும் அறுத்ததும் யார் என்று இந்தப் பதிவைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1785இல் எட்மண்ட் பர்க் ஆற்காட்டு நவாபின் கடன் பற்றி நாடாளுமன்றத்தில் நீண்ட உரை ஆற்றினார். முந்தைய நாடாளுமன்றத்தில் பென்ஃபீல்டு தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை உண்டாக்கினார் என்று அதில் குற்றம் சாட்டினார். அந்த எம்.பி.க்கள் என்ன செய்வார்கள்? நவாபின் கடன் கணக்கு சரியா பொய்யா என்று யாரும் தோண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். பிறகு கடன் வசூலாகும். வசூல் மறுபடி தஞ்சாவூரிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும்தான்.

நம் பாட்டன் முப்பாட்டனுக்கு அன்று வில்ட்ஷயர் என்ற பெயரே தெரியாது. ஆனால் அவர்களுடைய உழைப்பு வில்ட்ஷயர் வாக்காளர் பைக்குள் போயிருக்கிறது. ஆகவே அந்தக் கவுண்டியின் தேர்தல் வரலாறு நமக்குச் சம்பந்தம் இல்லாத வரலாறு அல்ல. லஞ்ச நாற்றம் தாங்காமல் 1782இல் நாடாளுமன்றம் கிரிக்லேட் தொகுதியின் எல்லையை அகலமாக்கி, சுற்றுவட்டார நிலவுடைமையாளர்களுக்கும் ஓட்டுக் கொடுத்தது. பென்ஃபீல்டு அசரவில்லை. 1790இல் அதே கவுண்டியில் மால்ம்ஸ்பரி எம்.பி. ஆனார்.

'திறமைசாலிகள் வந்தார்களே' என்ற வாதம்

இந்தத் தொகுதிகளுக்கு வக்காலத்து வாங்கியவர்கள் ஒரு வாதம் வைத்திருந்தார்கள். பணமோ பின்புலமோ இல்லாத திறமையான இளைஞர்களை ஒரு பிரபு அடையாளம் கண்டு, தன் கைக்குள் இருக்கும் தொகுதியைக் கொடுத்து அனுப்புகிறார். மக்கள் ஓட்டுப் போட்டிருந்தால் இவ்வளவு தகுதியானவர்கள் வந்திருப்பார்களா என்பார்கள். 'தகுதி' என்ற சொல்லை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?

வில்ட்ஷயரின் கால்ன் இதற்கு நல்ல உதாரணம். லான்ஸ்டவுன் பிரபுவின் பைக்குள் இருந்த தொகுதி. 1830இல் அவர் அங்கிருந்து அனுப்பிய இளைஞர் மெக்காலே. ஆம், 1835இல் ஆங்கிலக் கல்விக் குறிப்பு எழுதிய அதே மெக்காலேதான். நம் இயக்கத்தில் அவரைக் கொண்டாடுகிறவர்களும் உண்டு, அதற்கான காரணமும் உண்டு. ஆனால் அவர் ஓட்டுரிமை பற்றி என்ன சொன்னார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 1831இல் சீர்திருத்த மசோதாவை ஆதரித்து அவர் பேசிய பேச்சு புகழ்பெற்றது. நடுத்தர வர்க்கத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்லாமே போய்விடும் என்பதுதான் அதன் சாரம். எல்லோருக்கும் ஓட்டு என்பதை அவர் ஏற்கவில்லை. 1842இல் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் கையெழுத்திட்டுக் கொண்டுவந்த சாசன மனுவை எதிர்த்துப் பேசியவரும் அவர்தான். அனைவருக்கும் வாக்குரிமை வந்தால் சொத்து பிழைக்காது என்பது அவர் வாதம்.

அதே கால்ன் 1859இல் ராபர்ட் லோ என்பவரை அனுப்பியது. சில நூறு வாக்காளர்கள்கூட இல்லாத தொகுதி. அங்கிருந்து போய் உட்கார்ந்துகொண்டு, 1866இல் தொழிலாளிக்கு ஓட்டுக் கொடுப்பதை எதிர்த்தார். லஞ்சம் வாங்குகிறவர்கள், அறிவில்லாதவர்கள், குடிகாரர்கள் எல்லாம் எங்கே அதிகம், மேலேயா கீழேயா என்று அவையில் கேட்டார். லஞ்சத்துக்குப் பேர்போன கவுண்டியிலிருந்து வந்தவர், ஒரு பிரபுவின் தயவில் உட்கார்ந்திருந்தவர் கேட்ட கேள்வி இது.

மெக்காலே நல்லவரா, லோ கெட்டவரா என்பது இங்கே விஷயமே இல்லை. இருவரையும் உட்கார வைத்தது ஒரே கை. திறமைசாலி வந்தாலும் அவர் கணக்குச் சொல்ல வேண்டியது அந்தக் கைக்குத்தான், கால்ன் தெருவில் நடந்துபோகும் கூலிக்காரருக்கு அல்ல.

நவம்பர் 25

1830 இலையுதிர்காலத்தில் தென் இங்கிலாந்து முழுக்க விவசாயக் கூலிகள் கிளம்பினார்கள். குளிர்காலத்தில் கிடைத்துவந்த ஒரே வேலை கதிரடிப்பு. அதையும் கதிரடிக்கும் இயந்திரம் பறித்துக்கொண்டது. 'கேப்டன் ஸ்விங்' என்ற கற்பனைப் பெயரில் மிரட்டல் கடிதங்கள் பறந்தன. இயந்திரங்கள் உடைந்தன, வைக்கோல் போர்கள் எரிந்தன.

நவம்பர் 25ஆம் தேதி, வில்ட்ஷயரின் டிஸ்பரி பக்கம் பைத்ஹவுஸ் பண்ணைக்குக் கூலிகள் போனார்கள். கேட்டது நாளுக்கு 2 ஷில்லிங் கூலி. பண்ணையின் சொந்தக்காரர் ஜான் பெனட். அவர்தான் அந்தக் கவுண்டியின் எம்.பி. இயந்திரங்களை உடைத்த கூட்டத்தின் மீது குதிரைப்படை பாய்ந்தது. நிலக்கிழார்களும் பெரிய குடியானவர்களும் சேர்ந்து அமைத்த படை அது. ஜான் ஹார்டிங் என்ற கூலித் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஜனவரியில் சாலிஸ்பரியில் சிறப்பு நீதிமன்றம் உட்கார்ந்தது. வில்ட்ஷயரிலிருந்து மட்டும் சுமார் 150 பேரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

நின்று யோசித்துப் பாருங்கள். பைத்ஹவுஸிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஹிண்டன், அதற்கு இரண்டு எம்.பி. கவுண்டிக்கு இரண்டு எம்.பி. மொத்தக் கவுண்டிக்கும் 34 எம்.பி. இவ்வளவு பேர் இருந்தும் ஹார்டிங்குக்காகக் கேட்க அந்தக் கவுண்டியில் ஒருவர் இல்லை. அவர் யாரிடம் கூலி கேட்டாரோ அவர்தான் அவருடைய 'பிரதிநிதி'. கீழ்வெண்மணி படித்தவர்களுக்கு இது புரிய அதிக நேரம் ஆகாது.

சீர்திருத்தம் வந்தது, கூலிக்காரருக்கு வரவில்லை

இந்தக் கலகம் ஆள்பவர்களை உலுக்கியது. 1832இல் பெரிய சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. வில்ட்ஷயரில் ஓல்டு சாரம், ஹிண்டன் உட்பட 7 நகரத் தொகுதிகள் ஒழிந்தன. நான்கு தொகுதிகளுக்கு ஒரு இடம் குறைந்தது. கவுண்டிக்கு இரண்டு கூடியது. 34 என்பது 18 ஆனது. மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும் எம்.பி. கிடைத்தது.

ஆனால் ஓட்டு யாருக்குக் கிடைத்தது? நகரத்தில் ஆண்டுக்கு 10 பவுண்டு மதிப்புள்ள வீடோ கடையோ வைத்திருக்கும் ஆணுக்கு. கவுண்டியில் நிலம் வைத்திருப்பவருக்கும் பெரிய குத்தகைதாரருக்கும். உயிரைக் கொடுத்த கூலிக்காரருக்கு ஒன்றுமில்லை. பெண்களை ஓட்டுரிமையிலிருந்து சட்டத்தின் எழுத்திலேயே விலக்கி வைத்ததும் இந்தச் 'சீர்திருத்தம்'தான்.

அன்றே இதை முகத்துக்கு நேராகச் சொன்னவரும் ஒரு வில்ட்ஷயர்காரர். அந்தக் கவுண்டியின் அப்பவோன் கிராமத்தில் பிறந்த ஹென்றி ஹன்ட். 1819இல் மான்செஸ்டரின் பீட்டர்லூ திடலில் ஓட்டுரிமை கேட்டுக் கூடிய மக்கள் மீது குதிரைப்படை ஏவப்பட்டபோது மேடையில் நின்றவர் அவர். அதற்காகச் சிறையும் போனார். 1830இல் பிரஸ்டன் எம்.பி. ஆன பிறகு, இந்த மசோதாவில் உழைப்பவர்களுக்கு எதுவும் இல்லை என்று அவையில் சொல்லிக்கொண்டே இருந்தார். 1832 ஆகஸ்டில் மேரி ஸ்மித் என்ற பெண்ணின் ஓட்டுரிமை மனுவையும் அவர்தான் தாக்கல் செய்தார். அவை சிரித்தது. அடுத்த தேர்தலில் ஹன்ட் தோற்றார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1867இல் நகரத் தொழிலாளிகளில் ஒரு பகுதிக்கு ஓட்டு. 1872இல்தான் ரகசிய வாக்கு. அதுவரை வாக்காளர் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பண்ணையார் காதில் விழும். விவசாயக் கூலிகளில் பெரும்பாலோருக்கு ஓட்டு வந்தது 1884இல். ஹார்டிங் செத்து 54 ஆண்டுகள் கழித்து. அனைத்து ஆண்களுக்கும், 30 வயதைத் தாண்டிய பெண்களில் பெரும்பகுதிக்கும் 1918இல். ஸ்விண்டன் என்ற வில்ட்ஷயர் ரயில்வே நகரம் அதுவரை கிரிக்லேட் என்ற பெயரில் உள்ள தொகுதிக்குள் அடங்கிக் கிடந்தது. ஆயிரக்கணக்கான பணிமனைத் தொழிலாளர்கள் வாழ்ந்த நகரத்துக்குச் சொந்தத் தொகுதி கிடைத்தது 1918இல்தான். 1929இல் அங்கே தொழிற்கட்சி முதல்முறையாக வென்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான ஓட்டு 1928இல். கடை வைத்திருப்பவருக்கும் பல்கலைக்கழகப் பட்டதாரிக்கும் இருந்த இரண்டாவது ஓட்டு ஒழிந்தது 1948இல்.

தம்பி, இப்போது கணக்குப் போடுங்கள். 'ஒருவருக்கு ஒரே ஓட்டு' என்ற முறையில் பிரிட்டனில் நடந்த முதல் பொதுத்தேர்தல் 1950இல். இந்தியாவில் 1951-52இல். நாம் லேட் இல்லை. ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்தோம். அதற்கு முன் அவர்கள் இங்கே கொடுத்தது சொத்து, வரி, படிப்பு பார்த்துக் கொடுத்த ஓட்டு. 1935 சட்டத்தின் கீழும் மக்களில் ஆறில் ஒரு பங்குக்குக்கூட ஓட்டு இல்லை. வில்ட்ஷயரில் ஹார்டிங்கை வெளியே நிறுத்திய அதே வேலியைத்தான் இங்கே கொண்டுவந்து நட்டார்கள். அந்த வேலியைப் பிடுங்கச் சொல்லித்தான் அண்ணல் 1919லிருந்து வாதாடினார்.

நமக்கான கேள்வி

இன்று வில்ட்ஷயரில் ஓல்டு சாரம்கள் இல்லை. சில தீவுகள் நீங்கலாக எல்லாத் தொகுதிகளிலும் வாக்காளர் எண்ணிக்கை தேசிய சராசரியிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது சட்டம். அந்தக் கணக்குக்காக 2024இல் கிரிக்லேடையும் மால்ம்ஸ்பரியையும் பக்கத்துக் கவுண்டியோடு சேர்த்து சவுத் காட்ஸ்வோல்ட்ஸ் என்று புதுத் தொகுதி ஆக்கிவிட்டார்கள். ஆனால் அங்கேயும் எண்ணப்படுவது மக்கள்தொகை அல்ல, வாக்காளர் பட்டியலில் உள்ள பெயர்கள். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் இளைஞர்கள் பட்டியலில் குறைவாக இருப்பார்கள், அவர்கள் வாழும் இடத்தின் எடையும் குறையும். பட்டியலும் ஒரு கோடுதான் என்பதை மறக்காதீர்கள்.

நம் பக்கம் வருவோம். ஆளில்லாத மேட்டுக்கு இரண்டு எம்.பி. இருந்த கதையைப் பார்த்தோம். ஆள் இருந்தும் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலித் தலைவர் பத்து ஆண்டுகள் நாற்காலியில் உட்கார முடியாத கதை நம்முடையது. உட்கார்ந்த மேலவளவு முருகேசனைக் கொன்றார்கள். இருபது ஆண்டு, முப்பது ஆண்டு முன்னால் நடந்ததுதான், இருநூறு ஆண்டு முன்னால் அல்ல.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பட்டியல் சாதியினருக்கு 44 தனித்தொகுதிகள், நாடாளுமன்றத்தில் 7. இவை போராடிப் பெற்றவை, இவற்றை யார் தொட்டாலும் எதிர்ப்போம். ஆனால் பெரும்பாலான தனித்தொகுதிகளில் தலித் வாக்காளர்கள் சிறுபான்மை. வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது கட்சித் தலைமை, ஜெயிக்க வைப்பது பிறர் ஓட்டு. அப்படி ஜெயித்தவர் ஒரு வன்கொடுமை நடந்த சேரிக்கு வராமல் இருக்கும்போது நாம் அவரைத் தனிப்பட்ட முறையில் திட்டுகிறோம். கொஞ்சம் நின்று கால்னை நினைத்துப் பாருங்கள். அவரை உட்கார வைத்த கை எது? அண்ணல் தனி வாக்காளர் தொகுதி கேட்டது இந்த ஒரு காரணத்துக்காக. நம் ஆள் சபையில் உட்கார்ந்தால் போதாது, நமக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆளாக உட்கார வேண்டும் என்பதற்காக. பூனா ஒப்பந்தத்தில் நாம் இழந்தது அது.

அடுத்த தொகுதி மறுவரையறை பற்றி நாடு முழுக்கப் பேசுகிறார்கள். தென்மாநிலங்களுக்கு எத்தனை இடம் குறையும் என்பதே பேச்சு. அது முக்கியம்தான். ஆனால் இளைஞர்களாகிய நீங்கள் இன்னொரு வரைபடத்தையும் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தொகுதி தனித்தொகுதி ஆகிறது, எந்தக் காலனிகளைப் பிரித்து இரண்டு தொகுதிகளில் கரைக்கிறார்கள், வாக்குச்சாவடி எந்தத் தெருவில் இருக்கிறது, பட்டியலில் யார் பெயர் விடுபடுகிறது? வரைவு வெளியிடும்போது ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் தருவார்கள். அந்த நாட்களில் கையில் வரைபடத்தோடு போய் நிற்க இப்போதே படிக்க வேண்டும்.

1949இல் அண்ணல் அரசியல் நிர்ணய சபையில் பேசியது நினைவிருக்கும். அரசியலில் ஒருவருக்கு ஒரு ஓட்டு, ஒரு மதிப்பு என்று ஏற்றுக்கொண்டு, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் அந்த மதிப்பை மறுக்கப் போகிறோம் என்று எச்சரித்த உரை. அந்த உரையின் தேதியும் நவம்பர் 25தான். பைத்ஹவுஸில் ஹார்டிங் செத்த அதே தேதி, 119 ஆண்டுகள் கழித்து. தற்செயல்தான். ஆனாலும் அடுத்த நவம்பர் 25 அன்று வாசிப்பு வட்டத்தில் அந்த உரையைப் படிக்கும்போது, இரண்டு ஷில்லிங் கேட்டுப் போன அந்தக் கூலிக்காரரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம்.

ஜெய் பீம்.